மூன்றில் இரண்டு பங்கு நிலம் தண்ணீருக்குப் பூட்டப்பட்டிருக்கிறதா?

காலாங்கரையான்:
"சிங்கப்பூர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்துவிட்டால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு விலை இறங்கும்." வாட்ஸப்பில் இப்படி ஒன்று சுற்றுகிறது. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நீர்ப்பிடிப்பு என்றால் மழைநீர் வழிந்து நீர்த்தேக்கத்தில் சேரும் நிலம், அவ்வளவுதான். தோ பாயோ, பீஷான், அங் மோ கியோ எல்லாம் அந்த மூன்றில் இரண்டுக்குள்தான் இருக்கின்றன. அங்கே வீடே இல்லையா? அங்கே பெய்யும் மழை காலாங் ஆற்றில் சேர்ந்து மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மரினாவின் நீர்ப்பிடிப்பு மட்டும் 10,000 ஹெக்டர், தீவில் ஆறில் ஒரு பங்கு.

புக்கிட் பாலா:
அதை அனுப்பியவன் நான்தான். மூன்றில் இரண்டு என்பது தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமே சொல்லும் கணக்கு. அது தப்பா?

காலாங்கரையான்:
கணக்கு சரி, "பூட்டி" என்பதுதான் தப்பு. மெக்ரிச்சி, மேல் பியர்ஸ், கீழ் பியர்ஸ், மேல் சிலேத்தார் ஆகியவற்றைச் சுற்றியுள்ள காடு பாதுகாக்கப்பட்ட நீர்ப்பிடிப்பு. மற்றது பெரும்பாலும் ஊரும் சாலையும். 2011இல் பொங்கோலும் சிராங்கூனும் நீர்த்தேக்கங்களாகச் சேர்ந்தபோது, நிலத்தில் பாதியாக இருந்த நீர்ப்பிடிப்பு மூன்றில் இரண்டானது. அந்த ஆண்டு அதற்காக எந்த புளோக்கை இடித்தார்கள், சொல்லுங்கள்.

செம்பவாங் செல்வி:
இடிக்காவிட்டாலும் நிபந்தனை இருக்கிறது அண்ணே. கட்டுமானத் தளத்திலிருந்து வடிகாலில் விடும் நீரில் மிதக்கும் மண் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. திறந்த மண்ணை மூட வேண்டும், ஓரத்தில் சில்ட் வேலி (சேற்றைத் தடுக்கும் துணி வேலி) போட வேண்டும், தொட்டியில் தேக்கிச் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும். தொட்டியின் அடிச்சேற்றை வாராமல் விட்டால் கொள்ளளவு குறையும், அடுத்த மழையிலேயே செம்மண் நீர் வழிந்துவிடும். இந்தச் செலவு வீட்டு விலையில் ஏறாதா?

காலாங்கரையான்:
அந்த 50 மில்லிகிராம் வரம்பு தீவு முழுவதற்கும் உள்ள விதி. நீர்ப்பிடிப்புக்கு வெளியே மட்டும் சேற்றை விடலாமா?

தமிழ்முத்து:
"நீர்ப்பிடிப்பு" என்பதைவிட "நீரேந்துப் பகுதி"தான் நல்ல தமிழ். முன்பும் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை.

புக்கிட் பாலா:
ஐயா, பேச்சு வீட்டு விலையைப் பற்றி. மலேசியாவின் ஜோகூரில் ஆயிரம் கேலன் தண்ணீர் மூன்று மலேசியக் காசுக்குக் கிடைக்கிறது. பிறகு நமக்கு எதற்கு மூன்றில் இரண்டு?

காலாங்கரையான்:
அது சுத்திகரிக்காத பச்சைத் தண்ணீரின் விலை. குழாய், சுத்திகரிப்பு, பராமரிப்பு எல்லாம் தனி. ஜோகூர் தண்ணீருக்கான அந்த 1962 ஒப்பந்தம் 2061இல் முடிகிறது, அதன் பிறகு உங்கள் மூன்று காசு எங்கே? ஊருக்குள்ளேயே தண்ணீர் பிடிக்க முடிவதற்குக் காரணம், மழைநீருக்கு வடிகால், கழிவுநீருக்குத் தனிக் குழாய் என்று பிரித்துவைத்திருப்பதுதான். கார் கழுவும் இடம், குப்பை மையம் இவற்றின் தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குத்தான் போக வேண்டும். ஓர் இணைப்பை மாற்றிப் போட்டாலே அழுக்கு நேராக நீர்த்தேக்கத்தில் சேரும். மரினா நீர்த்தேக்கத்தையும் கடலையும் பிரிக்கும் மரினா அணையில் 9 எஃகு மதகுகள். கனமழையின்போது கடல் வற்றியிருந்தால் மதகைத் தாழ்த்தி நீரை வெளியே விடுவார்கள். கடல் ஏறியிருந்தால் 7 பம்புகள் இறைக்கும். ஒரே கட்டமைப்பு குடிநீரையும் தேக்கி, சைனாடவுன் போன்ற தாழ்ந்த இடங்களில் வெள்ளத்தையும் தடுக்கிறது. இதையா திறந்துவிடச் சொல்கிறீர்கள்?

செம்பவாங் செல்வி:
போன மாதம் வீவக நகரமாகும் தெங்கா காட்டைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் மற்றவர்களைப் பேசவிடாமல் எழுதிக்கொண்டே போனீர்கள். என் செலவுக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

காலாங்கரையான்:
தெங்கா வேறு விஷயம். அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி.

புக்கிட் பாலா:
மூன்றில் இரண்டு என்பதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நான் அனுப்பியதை அழிக்க மாட்டேன்.

காலாங்கரையான்:
எண்ணை ஒப்புக்கொண்டேன், பூட்டை அல்ல. மெக்ரிச்சி காட்டில் அடுக்குமாடி எழுப்பலாம் என்றால் அதை நேராகச் சொல்லுங்கள். மூன்றில் இரண்டின் பின்னால் ஒளிய வேண்டாம்.

தமிழ்முத்து:
நீரேந்துப் பகுதி.