எக்ஸ்எஃப்எஸ் மவுண்ட் ஆகவில்லை, சூப்பர்பிளாக் போய்விட்டதா?

இரவுப்பணி: சென்ட்ஓஎஸ் 7 ஓடிய சர்வரில் ராக்கி லினக்ஸ் 9 புதிதாகப் போட்டேன். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் உள்ள டேட்டா டிஸ்க்கைத் தொடவே இல்லை, பூட்டில் அதை எப்படி மவுண்ட் செய்வது என்று சொல்லும் பழைய எஃப்எஸ்டேப் வரியை மட்டும் அப்படியே எடுத்து ஒட்டினேன். ரீபூட் செய்தால் நேராக எமர்ஜென்சி மோடு. கையால் மவுண்ட் செய்தால் தவறான ஃபைல்சிஸ்டம், தவறான ஆப்ஷன், கெட்ட சூப்பர்பிளாக் (ஃபைல்சிஸ்டத்தின் அடிப்படைத் தகவல் இருக்கும் இடம்) என்று ஒரே மூச்சில் எல்லாப் பழியையும் போடுகிறது. எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரை மைனஸ் எல் கொடுத்து ஓட்டிவிடட்டுமா?

பழையசர்வர்: ஐயோ, வேண்டாம். மைனஸ் எல் ஜர்னலையே, அதாவது இன்னும் எழுதி முடியாத மாற்றங்களின் பதிவையே, துடைத்துவிடும், நல்ல டிஸ்க்கை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள். மவுண்ட் கமாண்டுக்குக் காரணம் தெரியாதபோது கொட்டுகிற பொதுச் செய்தி அது. உண்மைக் காரணம் கெர்னல் லாகின் கடைசி வரியில் இருக்கும். எஃப்எஸ்டேப்பில் நோபேரியர் இருக்கிறதா, அதாவது டிஸ்க்குக்கு ஃப்ளஷ் (கேஷில் உள்ளதை டிஸ்க்கில் எழுதச் சொல்லும் கட்டளை) அனுப்பாதே என்னும் ஆப்ஷன்?

இரவுப்பணி: இருக்கிறது சார்! லாகிலும் 'அன்னோன் பாராமீட்டர் நோபேரியர்' என்றுதான் வந்திருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் ரெய்டு கார்டில் கரண்ட் போனாலும் கேஷைக் காக்கும் பேட்டரி இருக்கிறதென்று வேகத்துக்காகப் போட்டாராம்.

பழையசர்வர்: அதேதான். நடுவில் வந்த சில 4.x கெர்னல்கள் லாகில் எச்சரித்துவிட்டு மவுண்ட் ஆக அனுமதித்தன, 4.19இல் எக்ஸ்எஃப்எஸ் அந்த ஆப்ஷனையே தூக்கிவிட்டது. நீங்கள் சென்ட்ஓஎஸ் 7இன் 3.10 கெர்னலிலிருந்து ஒரே தாவலாக ராக்கி 9இன் 5.14க்கு வந்ததால் எச்சரிக்கை உங்கள் கண்ணில் படவே இல்லை. அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். இஎக்ஸ்டி4 இன்னும் அதை ஏற்கிறது, அதனால்தான் பக்கத்து சர்வரில் ஓடுகிறதே என்று பலர் குழம்புகிறார்கள்.

டிஸ்க்பூச்சி: வேகம் குறையுமோ என்று பயம் இருந்தால் சிஸ் பிளாக்கில் அந்த டிஸ்க்கின் க்யூ ஃபோல்டருக்குள் ரைட் கேஷ் ஃபைலைப் பாருங்கள். 'ரைட் த்ரூ' என்றிருந்தால் ஃப்ளஷ் தேவையில்லை என்று கெர்னல் அதை அனுப்பவே அனுப்பாது. அப்புறம், பூட் நிற்கக்கூடாதென்று நோஃபெயில் மட்டும் போட்டுச் சமாளிக்காதீர்கள். டிஸ்க் மவுண்ட் ஆகாமலே சர்வர் எழுந்துவிடும், டேட்டாபேஸ் காலி ஃபோல்டரில் புதிதாகக் குடியேறிவிடும், எனக்கு நடந்திருக்கிறது. ஏடிடிஆர்2, ஐகீப் என்ற பழைய எக்ஸ்எஃப்எஸ் ஆப்ஷன்கள் இருந்தாலும் இப்போதே எடுத்துவிடுங்கள், 5.10 கெர்னலிலேயே எச்சரிக்கை வந்து 2025 செப்டம்பர் வரைதான் கெடு கொடுத்திருந்தார்கள். ரூட் டிஸ்க் என்றால் எஃப்எஸ்டேப் போதாது, க்ரப் பூட்லோடரில் ரூட் டிஸ்க்கின் மவுண்ட் ஆப்ஷன்கள் இருக்கும் ரூட்ஃப்ளாக்ஸையும் பார்க்க வேண்டும்.

இரவுப்பணி: எடுத்தேன், எஃப்எஸ்டேப்பில் உள்ளதை எல்லாம் மவுண்ட் செய்யும் மவுண்ட் மைனஸ் ஏ கொடுத்துப் பார்த்த பிறகுதான் ரீபூட் செய்தேன், ஏறிவிட்டது. ரைட் கேஷ் ஃபைலில் 'ரைட் த்ரூ' என்றுதான் இருக்கிறது, எடுத்த ஆப்ஷனால் எந்த வித்தியாசமும் இல்லை.