ரத வீதியில் பார்க்கிங் மீட்டர்: பைக்குக்குச் சரிவருமா?

டவுன் பாத்திரக்கடை:
திருநெல்வேலி டவுன் ரத வீதி வியாபாரிகள் சேர்ந்து, பார்க்கிங் மீட்டர் (வண்டி நிறுத்தும் நேரத்துக்குக் காசு வாங்கும் கருவி) கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுதுகிறோம். காலையில் வாசலில் நிற்கும் பைக் கடை அடைக்கும்வரை நகர்வதில்லை. குத்துவிளக்கு வாங்க வந்தவர் இடம் தேடி அலுத்து வண்ணார்பேட்டைக்கே போய்விடுகிறார். இடத்துக்கு ஒரு கம்பம் நட்டால் ஆனித் தேர் எப்படித் திரும்பும்? சீட்டு தரும் இயந்திரம் என்றால், காரில் கண்ணாடிக்குள் வைக்கலாம். பைக்கில் எங்கே செருகுவது?

பாளை எலக்ட்ரீஷியன்:
அண்ணாச்சி, கம்பத்தை மறந்துவிடுங்கள். தெருவுக்கு ஒரு இயந்திரம் போதும், அதையும் தேர் போகாத சந்து முனையில் வைக்கலாம். வண்டி எண்ணைத் தட்டிப் பணம் கட்டினால் பதிவாகிவிடும்; சோதிப்பவர் கைக்கருவியில் அதே எண்ணை அடித்துப் பார்ப்பார். சீட்டே தேவையில்லை. சீட்டு அச்சாவது சூடு பட்டால் கருக்கும் தெர்மல் தாளில். நம்மூர் வெயிலில் பெட்ரோல் டாங்கின்மேல் வைத்தால் கருத்தே போகும். சூரியத் தகட்டை மட்டும் நம்ப வேண்டாம், மாடிக் கட்டடங்களின் நிழல் விழும். மின் இணைப்பும் பேட்டரியும் சேர்த்தே கேளுங்கள்.

டவுன் பாத்திரக்கடை:
யுபிஐ இல்லாத பெரியவர்கள்?

பாளை எலக்ட்ரீஷியன்:
நாணயத் துளை உள்ளதும் உண்டு. ஆனால் அடைத்துக்கொள்ளும், உடைத்துத் திருடவும் பார்ப்பார்கள். பக்கத்துக் கடையில் காசு வாங்கி எண்ணைப் பதிய ஏற்பாடு செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
இயந்திரம் இருக்கட்டும். அந்த பைக்குகள் யாருடையவை என்று முதலில் பாருங்கள் தம்பி. 1935 ஜூலையில் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் முதல் மீட்டர் வைத்ததற்கே காரணம், அங்கே வேலை பார்ப்பவர்கள் நாள் முழுக்க இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான். மணிக்கு 5 சென்ட் வைத்தார்கள். ரத வீதியிலும் பாதி, கடைப் பையன்களின் வண்டியாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. கட்டணத்தை, எந்நேரமும் ஒன்றிரண்டு இடம் காலியாகக் கிடக்கும்படி வைக்க வேண்டும் என்றார் மறைந்த பேராசிரியர் டொனால்ட் ஷூப். மதியம் வெறிச்சோடும் தெருவுக்கு மாலைக் கட்டணம் எதற்கு? இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 117-இன்படி, நிறுத்துமிடம் எது என்பதை அரசோ அது அதிகாரம் அளித்தவரோ உள்ளாட்சியைக் கலந்து குறிக்கிறார்கள். மனுவின் நகலைப் போக்குவரத்துக் காவலுக்கும் கொடுங்கள்.

டவுன் பாத்திரக்கடை:
அப்படியானால் பையன்கள் எங்கே நிறுத்துவார்கள் ஐயா?

ஓய்வுபெற்ற எழுத்தர்:
ரத வீதிக்கு வெளியே காலிமனை ஒன்றைச் சங்கமே வாடகைக்கு எடுக்கட்டும். அதை முடித்துவிட்டு மனுவைக் கொடுங்கள். இல்லையென்றால் மீட்டரை முதலில் எதிர்ப்பது உங்கள் சங்கமாகத்தான் இருக்கும்.