வதந்தியை நம்பி பின்பால் மெஷினை விற்றுவிட்டேன். கூடவே ஒரு நட்பும் போய்விடும் போலிருக்கிறது

ஷாம்பர்க்வாசி எழுதியது:

வணக்கம். சிகாகோவுக்கு வடமேற்கே ஷாம்பர்க்கில் இருக்கிறேன். ஒன்பது வருடமாகப் பின்பால் பைத்தியம், கண்ணாடிக்கு அடியில் சரிவான ஆடுகளத்தில் எஃகுப் பந்தை ஃபிளிப்பர் என்ற சிறு கைகளால் தட்டி ஸ்கோர் எடுக்கும் அந்த மெஷின் ஆட்டம்தான். வீட்டு பேஸ்மென்ட்டில் இப்போது இரண்டு மெஷின்கள். ஐந்து மாதம் முன்பு வரை மூன்று இருந்தன.

ஒரு ஞாயிறு இரவு, சேர்ந்து போட்டி ஆடும் எங்கள் பின்பால் லீக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் செய்தி போட்டார். என்னிடம் இருந்த அதே மெஷினை அந்தக் கம்பெனி மறுபடியும் தயாரிக்கப் போகிறதாம். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவருடைய மச்சான் சொன்னாராம். புதிதாகவே கிடைக்கும் என்றால் பழையதற்கு என்ன விலை வரும்? அன்று இரவு தூக்கம் வரவில்லை. திங்களன்று விளம்பரம் போட்டேன், புதனன்று விற்றுவிட்டேன். சந்தை விலையைவிட 1,400 டாலர் குறைவு.

வாங்கியவர் மினிவேனின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். ஸ்கோர் காட்டும் பின்பக்கப் பெட்டியான பேக்பாக்ஸை மடக்கி, கால்களைக் கழற்றி, இருவருமாகப் படியேற்றினோம். 110 கிலோவுக்குக் குறையாது. மேல்படியில் நின்றிருந்த என் மகன், "அப்பா, அதில் என் பேர் இருக்கே" என்றான். அதிக ஸ்கோர் பட்டியலில் மூன்றாவது இடத்தில் அவனுடைய மூன்று எழுத்துகள் இருந்தன. ஒரு படமாவது எடுத்து வைத்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை.

ஐந்து மாதம் ஆகிறது. மறுதயாரிப்பு எதுவும் வரவில்லை. எந்த மெஷின், எந்தக் கம்பெனி என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்தத் திரியும் எந்தக் கம்பெனி உசத்தி என்ற சண்டையாகிவிடும்.

பணத்தைவிட மனதை அறுப்பது வேறொன்று. லீக்கில் ஆளுக்கொரு மெஷின் கம்பெனிக்குக் கட்சி கட்டுகிறோம். அந்தச் செய்தி வந்ததும் எதிர்க்கட்சிக்காரர்கள் உடனே நம்பினார்கள். எங்கள் கட்சிக்காரர்கள் உடனே மறுத்தார்கள். அந்த மச்சான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. அரோரா பெருமாள் கோயிலில் அறிமுகமான ஓர் அண்ணன் இருக்கிறார். பத்து வருடப் பழக்கம், பின்பாலே அவர் காட்டித்தான் எனக்குத் தெரியும். மெஷின் செய்யும் கம்பெனிகளில் அவர் ஜெர்சி ஜாக் பக்கம், நான் ஸ்டெர்ன் பக்கம். "உன் கம்பெனியை நம்பினால் இப்படித்தான்" என்று அந்தக் குழுவிலேயே எழுதினார். நானும் பதிலுக்கு அவருடைய மெஷினைப் பற்றி எழுதக்கூடாததை எழுதினேன். அதற்குப் பிறகு லீக்கில் பார்த்தாலும் பேச்சில்லை.

இரண்டு கேள்விகள். ஒரு வதந்தி வந்தால் எதை வைத்து முடிவெடுக்கிறீர்கள்? இப்படி முறிந்த பழக்கத்தை யாராவது ஒட்ட வைத்திருக்கிறீர்களா?

பழையமேசை எழுதியது:

தம்பி, நான் 1994இல் இந்த ஊருக்கு வந்தவன். அப்போது இந்தச் சண்டை பாலி, வில்லியம்ஸ், காட்லீப், டேட்டா ஈஸ்ட் என்ற பெயர்களில் நடந்தது. என் அறைத்தோழன் ஒருவன் பாலி மெஷினைத் தவிர வேறெதிலும் காசு போட மாட்டான். வில்லியம்ஸ் 1988லேயே பாலியின் பின்பால் பிரிவை வாங்கிவிட்டது, இரண்டு பெயரிலும் மெஷின் செய்தவர்கள் ஒரே ஆட்கள்தான் என்று நான் சொன்னபோது அவன் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது நீங்கள் இருவரும் பிடித்திருக்கும் கொடிகளைப் பாருங்கள். ஆடம்ஸ் ஃபேமிலி என்ற மெஷினைப் பாலிக்காக 1992இல் வடிவமைத்தவர் பேட் லாலர். 20,270 மெஷின்கள் விற்றன. அவரே பின்னால் ஸ்டெர்னுக்கு மோனோபோலி செய்தார், 2017இல் ஜெர்சி ஜாக்குக்கு டயல்டு இன் செய்தார். ஸ்டீவ் ரிச்சி 2012இல் ஸ்டெர்னுக்கு ஏசி/டிசி செய்துவிட்டு, 2023இல் ஜெர்சி ஜாக்குக்கு எல்டன் ஜான் செய்தார். ஸ்டெர்னைத் தொடங்கிய கேரி ஸ்டெர்னின் அப்பா சாம் ஸ்டெர்ன் ஒரு காலத்தில் வில்லியம்ஸின் தலைவர். எல்லாம் ஒரே வீட்டுப் பங்காளிகள். ஜெர்சி ஜாக் நியூ ஜெர்சியில் பிறந்தாலும் இப்போது எல்க் குரோவ் வில்லேஜில்தான் இருக்கிறது. ஸ்டெர்னும் அங்கேதான். உங்கள் வீட்டிலிருந்து பக்கத்து ஊர்.

வதந்தியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 1999 அக்டோபரில் வில்லியம்ஸ் பின்பாலை மூடியது. ஆடுகளத்தின் மேல் கண்ணாடி வழியாக வீடியோவைப் பிரதிபலிக்கும் பின்பால் 2000 என்ற புது அமைப்பைக் கொண்டுவந்த அதே வருடம். மூடப்போகிறார்கள் என்று அதற்கு முன்பே சிலர் சொன்னார்கள். நான் நம்பவில்லை, எனக்கு வில்லியம்ஸ் அவ்வளவு பிடிக்கும். ஆகவே எல்லா வதந்தியும் பொய் என்று சொல்ல மாட்டேன். நமக்குப் பிடித்த கம்பெனி என்றால் காது அடைத்துக்கொள்கிறது, பிடிக்காத கம்பெனி என்றால் நாலு காது முளைக்கிறது. அந்த மூடலுக்கு முன் நான் செய்த தப்பு அதுதான்.

அண்ணனுக்கு போன் போடுங்கள். எழுதாதீர்கள், பேசுங்கள்.

சாலிடர்கை எழுதியது:

மறுதயாரிப்பு வதந்தி பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. பழுது வதந்தி பற்றிச் சொல்கிறேன். வார இறுதிகளில் மெஷின் பழுது பார்க்கிறேன்.

போன வருடம் ஒரு படம் சுற்றியது. ஆடுகளத்தில் ஒரு போஸ்டை, அதாவது சிறு தூணை, சுற்றி வார்னிஷ் சுருங்கி எழும்பியிருக்கும். முதலில் ஒரு கம்பெனியின் பெயரைப் போட்டு எனக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் கழித்து அதே படம், இடது ஓரத்தில் அதே விரல் நிழலோடு, இன்னொரு கம்பெனியின் பெயரில் வந்தது. அனுப்பிய இருவருமே மெஷினை நேரில் பார்த்தவர்கள் இல்லை.

இன்னொருவர் புது மெஷின் வாங்கி ஒரு வாரத்தில், "மரம் மட்டமானது, குழி குழியாக இருக்கிறது, திருப்பிக் கொடுக்கப் போகிறேன்" என்று கூப்பிட்டார். போனேன். கண்ணாடியை இழுத்துவிட்டு, அறை விளக்கை அணைத்து, டார்ச்சை ஆடுகளத்தின் மேல் கிடைமட்டமாகப் படுக்க வைத்தேன். நிலவில் பள்ளங்கள் தெரிவது போல நூற்றுக்கணக்கான சின்னக் குழிகள். அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு அவருடைய இன்னொரு மெஷினை, 1990களில் செய்ததை, அதே மாதிரி டார்ச் வைத்துக் காட்டினேன். அதிலும் குழிகள்தான். ஆனால் பல ஆயிரம் ஆட்டம் ஆடி ஒன்றோடொன்று கலந்து, மேற்பரப்பு ஒரே சீராகப் போயிருந்தது. எஃகுப் பந்து 80 கிராம், அது ரேம்ப் என்ற சரிவுப் பாதையிலிருந்து மேப்பிள் பிளைவுட் மேல் விழுந்தால் தடம் படத்தான் செய்யும். வார்னிஷ் உரிந்தால்தான் நான் கவலைப்படுவேன். போஸ்ட்டைச் சுற்றி நகத்தால் லேசாக வருடிப் பாருங்கள், உரிந்த இடத்தில் நகம் மாட்டும். அவருடையதில் எங்கும் மாட்டவில்லை.

ஷாம்பர்க்வாசி, உங்கள் அண்ணனின் மெஷினைப் பற்றி நீங்கள் எழுதியது இப்படியொரு படத்தை நம்பித்தான் என்றால், முதலில் அதற்கு மன்னிப்புக் கேளுங்கள்.

காத்திருந்தவன் எழுதியது:

வதந்தி ஏன் முளைக்கிறது என்று இதுவரை யாரும் தொடவில்லை. இந்தத் தொழிலில் சினிமா, இசைக்குழு போன்ற தீமுக்கு உரிமை வாங்கி, உரிமைக்காரர் மெஷினில் வரும் ஒவ்வொரு படத்துக்கும் ஒப்புதல் தரும்வரை கம்பெனி வாய் திறக்க முடியாது. அந்த மௌனத்தில் நம்முடைய பணம் மாட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

ஜெர்சி ஜாக்கின் முதல் மெஷின் விசார்ட் ஆஃப் ஆஸ். 2011இல் அறிவித்தார்கள், 2013இல்தான் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தது. முன்பணம் கட்டியவர்களில் நானும் ஒருவன். அந்த இரண்டு வருடம் தினமும் ஏதாவது ஒரு பேச்சு. யாராவது "வராது" என்றால் என் வீட்டுப் பிள்ளையைத் திட்டியது போல எனக்குக் கோபம் வரும். கடைசியில் வந்தது, பேக்பாக்ஸில் 26 அங்குலத் திரையோடு. நான் அந்தக் கம்பெனிக்காரன் ஆனது மெஷின் வந்த நாளில் இல்லை, முன்பணம் கட்டிய நாளிலேயே. உங்கள் அண்ணனும் அந்த நாட்களில் கட்டியவரா? இருந்தால் அவருடைய கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது.

விலை விஷயத்துக்கு ஒரு உதாரணம். மெடீவல் மேட்னஸ், 1997இல் வில்லியம்ஸ் செய்தது, மொத்தமே 4,000க்குச் சற்று மேல். பழைய மெஷின் 10,000 டாலரைத் தாண்டியிருந்த நேரத்தில், 2013இல், அதை 8,000 டாலருக்கு மறுபடியும் செய்வோம் என்று அறிவித்தார்கள். என் நண்பர் அந்த வாரமே பயந்து விற்றார். புது மெஷின்கள் வெளிவர 2015 ஆனது. அறிவிப்பு உண்மை, அவருடைய அவசரம்தான் தேவையில்லாதது. அவருக்கு ஆட மெஷின் இல்லாமல் அந்த இரண்டு வருடமும் போனது.

நான் இப்போது பார்ப்பது இவ்வளவுதான். சொன்னவர் எதைக் கண்ணால் பார்த்தார்? அவரிடம் விற்கவோ வாங்கவோ ஏதாவது இருக்கிறதா? உங்களிடம் வாங்கியவர் யார், அந்த வாட்ஸ்அப் குழுவில் இருப்பவரா?

ஷாம்பர்க்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வாங்கியவர் குழுவில் இல்லை. இண்டியானாவிலிருந்து வந்தவர், அந்த மெஷினை வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தவர். செய்தியைப் போட்டவரிடமும் நேற்று பேசினேன். அவரும் அதை நம்பித் தன்னுடையதை விற்றிருக்கிறார், எனக்கு முந்தைய நாள். அவர் மேல் இருந்த கோபம் அதோடு போய்விட்டது. அந்த மச்சானை அவரும் பார்த்ததில்லை.

சாலிடர்கை சொன்னது சரி. நான் எழுதியது ஒரு படத்தைப் பார்த்துத்தான். அண்ணனின் மெஷினில் எத்தனையோ இரவு ஆடியிருக்கிறேன், அப்படி எதையும் நான் அதில் கண்டதில்லை. தெரிந்தே எழுதினேன்.

காத்திருந்தவன், ஆமாம், அண்ணனும் 2011இல் முன்பணம் கட்டியவர். அப்போது அவருக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்த நேரம், வீட்டில் அந்தப் பணத்துக்காக எவ்வளவு பேச்சு கேட்டார் என்று ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதை மறந்துவிட்டேன்.

நேற்று இரவு போன் போட்டேன். நான் மன்னிப்புக் கேட்பதற்குள், "பையனோட ஸ்கோர் போச்சாமே" என்றார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு இங்கே வருகிறார். என் ஆடம்ஸ் ஃபேமிலியில் இடது ஃபிளிப்பர் சில வாரமாகத் தளர்ந்திருக்கிறது. மேலே உள்ள ரேம்ப்புக்குப் பந்து பாதிதான் ஏறுகிறது. ஃபிளிப்பரை இயக்கும் கம்பிச் சுருளுக்குள் இருக்கும் குழாய், காயில் ஸ்லீவ், தேய்ந்திருக்கும், தானே கொண்டு வருகிறேன் என்றார். மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டப் போகிறாராம்.