பாட்டி பெட்டியில் அமெரிக்க வெள்ளி

கீதா: காதுகுத்து நெருங்கிவிட்டது. பாட்டி பெட்டியில் இருந்த வெள்ளி ரூபாயை உருக்கிக் குட்டிக்குக் கொலுசு செய்யலாம் என்று ஆசாரியிடம் கொடுத்திருந்தேன். உரசிப் பார்த்துவிட்டு, ஏழுதான் நல்ல வெள்ளி, மற்ற பதிமூன்றும் பாதிக்குப் பாதி கலப்பு என்கிறார். என்ன செய்யட்டும்?

விஜயா: பதிமூன்றா!!

விஜயா: அம்மா போன அன்று பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை

கலா: அண்ணி, பேரைச் சொல்லியே கேளுங்கள்

பாலு: டாக்டரிடம் வந்திருக்கிறேன். அப்புறம் பேசுகிறேன்

விஜயா: அதானே

சுந்தரம்: யாரும் எதையும் மாற்றவில்லை. கீதா, அந்தப் பதிமூன்றில் என்ன வருஷம் போட்டிருக்கிறது பார்.

கீதா: எல்லாம் 1944, 45 அப்பா. ஏழும் 1912லிருந்து 1919க்குள்

சுந்தரம்: அதேதான். பழைய ரூபாயில் 12ல் 11 பங்கு வெள்ளி. 1940ல் சர்க்காரே அதைப் பாதியாக்கிவிட்டது, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். விளிம்பைப் பார், வரிகளுக்கு நடுவில் ஒரு பள்ளம் சுற்றி ஓடும், கள்ள ரூபாய் அடிப்பவனைத் தடுக்க வைத்தது. விஜயா, கலப்படம் செய்தது பாலு இல்லை, வெள்ளைக்காரன்.

ரமேஷ்: மாமா வகுப்பு ஆரம்பம்

சுந்தரம்: சிரிக்காதே, கேள். போர்ச் செலவுக்கு நோட்டாக அச்சடித்துத் தள்ளினார்கள், விலை ஏறியது, சனங்கள் காகிதத்தை நம்பாமல் வெள்ளி ரூபாயைப் பெட்டியில் பூட்டினார்கள், நம் அம்மாவையும் சேர்த்துத்தான். ரூபாய் அடிக்கக் கையிருப்பு வெள்ளி போதாமல் அமெரிக்காவிடம் கேட்டார்கள். ரூஸ்வெல்ட் அரசாங்கம் லெண்ட் லீஸ், அதாவது போரில் கூட்டாளி நாடுகளுக்குப் பொருள் கொடுத்து உதவும் திட்டத்தில் 22.6 கோடி அவுன்ஸ் கொடுத்தது, ஏறக்குறைய 7,000 டன். ஆனால் இனாம் இல்லை. போர் அவசரநிலை முடிந்து 5 வருஷத்துக்குள் அவுன்ஸுக்கு அவுன்ஸ், பணமாக இல்லை, வெள்ளியாகவே திருப்ப வேண்டும். 1946ல் மற்ற லெண்ட் லீஸ் கணக்கை எல்லாம் இரண்டு பக்கமும் தள்ளுபடி செய்துகொண்டார்கள், வெள்ளியை மட்டும் விடவில்லை.

விஜயா: கெட்டிக்காரன். எழுதி வாங்கியிருக்கிறான். கலா தங்கை கல்யாணத்துக்கு என் வெள்ளிக் குத்துவிளக்கு ஜோடியைக் கொடுத்தபோது எனக்கு அந்தப் புத்தி இல்லை

கலா: திரும்பி வந்துவிட்டதே அண்ணி

விஜயா: ஒன்று

கீதா: அத்தை ப்ளீஸ்

ரமேஷ்: மாமா, நடுவில் 1947ல் பாகப்பிரிவினை ஆகிவிட்டதே, கடனை யார் அடைத்தது?

சுந்தரம்: நல்ல கேள்வி. இந்தியா ஒரு பங்கு, பாகிஸ்தான் ஒரு பங்கு. அவசரநிலை முடிந்தது என்று அமெரிக்கா அறிவித்தது 1952 ஏப்ரலில், ஆகக் கெடு 1957. அந்தப் பாதி வெள்ளி ரூபாய்களையே திரும்ப வாங்கி, கல்கத்தா அலிப்பூரில் உருக்கி வெள்ளியைப் பிரித்துத்தான் நாம் கொடுத்தோம்.

ரமேஷ்: அப்படியானால் பாட்டி திருப்பிக் கொடுக்காத பதிமூன்று ரூபாய் அமெரிக்காவுக்குச் சேர வேண்டியதா 😂

பாலு: அக்காவுக்குச் சொல், அவர்கள் மேலேயும் கேஸ் போடுவார்

விஜயா: டாக்டர் பார்த்துவிட்டாரா

ரமேஷ்: நான் இருக்கும் ஓமன் பக்கமும் ஒரு கதை உண்டு. சவுதிக்கு பிலடெல்பியாவில் அடித்த 30 லட்சம் வெள்ளி ரியாலோடு வந்த ஜான் பாரி கப்பலை 1944 ஆகஸ்டில் ஜெர்மன் நீர்மூழ்கி இந்தக் கடலில் மூழ்கடித்தது. 1994ல் பாதி வரை எடுத்தார்கள்

கலா: மீதி?

ரமேஷ்: கடலுக்குள்தான் சித்தி, வேண்டுமானால் சித்தப்பாவை அனுப்புங்கள்

விஜயா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கலா: படித்துவிட்டேன் அண்ணி

கீதா: ஆசாரி மறுபடியும் கூப்பிடுகிறார், உருக்கவா வேண்டாமா?

சுந்தரம்: பதிமூன்றையும் தொடாதே, திரும்ப வாங்கி வை. ஏழிலிருந்தே 75 கிராம் கிட்ட வரும், குழந்தைக் கொலுசுக்குத் தாராளம்.

விஜயா: அந்த ஏழு அப்பா சம்பாத்தியம். அதை எதற்கு உருக்க வேண்டும்?

பாலு: சரி, பதிமூன்று எனக்கு

விஜயா: எண்ணி, எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும்

கீதா: அப்பா, போன் பண்ணுங்கள்

கலா: கோயிலுக்கு வேன் யார் சொல்வது? போன தடவை நாங்கள்தான் கொடுத்தோம்