கையால் எழுதும் தளம்: நிறத்தை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: எனக்குப் பார்வை கிடையாது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளின் துணையோடு, என் இணையதளத்துக்கான எச்டிஎம்எல் குறிமொழியைக் கையாலேயே எழுதுகிறேன். இழுத்துப் போடும் கருவிகள் ஒத்துவராது. எச் விசையைத் தட்டினால் தலைப்பு தலைப்பாகத் தாவுகிறது, படிவத்தில் ஒவ்வொரு பெட்டியும் தன் லேபிளைச் சொல்கிறது. நிறம்தான் பிடிபடவில்லை. வெள்ளைமேல் மங்கலான எழுத்தை வைத்துவிட்டால், பார்வை குறைந்தவர்கள் எப்படிப் படிப்பார்கள்?

பதில் 1: கண் வேண்டாம், கணக்கு போதும். இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் ஏஏ நிலைக்கு, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டு விகிதம் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேண்டும். வெள்ளைமேல் சாதாரண எழுத்துக்கு #767676 என்ற சாம்பல் நிறக் குறியீடு தேறும், #777777 தேறாது.

பதில் 2: ஃபோகஸ் வளையத்தையும், அதாவது டேப் விசையால் நகரும்போது நிற்கும் இடத்தைச் சுற்றித் தெரியும் கோட்டையும், கவனியுங்கள். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் அந்தக் கோட்டை (அவுட்லைன்) நீக்கினாலும் என்விடிஏ வழக்கம்போலவே படிக்கும், உங்களுக்குத் தெரியவராது. பார்த்துக்கொண்டே டேப் விசையால் நகர்கிறவர்தான் எங்கே நிற்கிறோம் என்று புரியாமல் திணறுவார்.

கேட்டவர்: ரொம்ப நன்றி. அவுட்லைன் வரியை இப்போதே தேடுகிறேன். பட்டனுக்குப் பதில் டிவ் என்ற பொதுவான டேகைப் போட்டு ஒப்பேற்றுவதில்லை. பட்டன் டேக் என்றால் என்டர், ஸ்பேஸ் இரண்டும் தானாகவே வேலைசெய்யும்.