மருத்துவ மாணவர்கள் ஏன் உதவி கேட்பதில்லை?

விடியல்:
2016-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 43 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மருத்துவ மாணவர்களில் சுமார் 27 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. அவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் சுமார் 16 சதவீதம்தான். நோயைப் பற்றிப் படிப்பவர்களே போகவில்லை என்றால் கோளாறு நம் ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

இரவுப்பணி:
ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கணக்கில் பெரும்பகுதி மாணவர்களே நிரப்பிய கேள்வித்தாள்களில் இருந்து வந்தது. மனநல மருத்துவர் பார்த்துச் சொன்னதல்ல. அழுத்தத்தைத் தாங்கப் பழகுவதும் இந்தப் படிப்பில் சேர்ந்ததுதான். எங்கள் கல்லூரியில் கவுன்சலர் இருக்கிறார். போவது அவரவர் பொறுப்பு.

விடியல்:
கேள்வித்தாள் விஷயம் சரி. ஆனால் அதே ஆய்வில் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 11 சதவீதம். அதையும் பழகிக்கொள்ளச் சொல்வீர்களா? அப்புறம், கவுன்சலர் என்று உட்கார்ந்திருப்பவர் யார்? நாளைக்கு வைவா (வாய்மொழித் தேர்வு) எடுக்கப்போகும் பேராசிரியராக இருந்தால், 'வார்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது' என்று அவரிடம் எந்த மாணவர் வாய் திறப்பார்?

மூன்றாமாண்டு:
நான் போகாததற்குக் காரணம் இதுதான். மனநலப் பிரிவில் சீட்டு எழுதுபவர் என் சீனியர். மாலைக்குள் ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்துவிடும். கவுன்சலர் இருக்கும் நேரம் முழுக்க எங்களுக்கு போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) வேறு. வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது.

இரவுப்பணி:
நேரத்தை மாற்றத்தான் வேண்டும். ஆனால் ரகசியம் என்று எல்லாவற்றையும் மூடக்கூடாது. நிலை சரியில்லாதவர் நாளைக்கு நோயாளிக்கு மருந்து எழுதுவார். கல்லூரிக்குத் தெரிய வேண்டாமா?

விடியல்:
நோய் இருப்பது வேறு, வேலை செய்ய முடியாத நிலையில் இருப்பது வேறு. மாத்திரை எடுத்துக்கொண்டு ஒழுங்காக வேலை பார்ப்பவரால் யாருக்கு ஆபத்து? அமெரிக்க மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பே 2018-ல், உரிமம் கேட்பவரின் பழைய மனநலச் சிகிச்சையைத் துருவாமல், இப்போது வேலையைப் பாதிக்கும் குறை உண்டா என்பதோடு கேள்வியை நிறுத்தச் சொன்னது. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் சிகிச்சையே இல்லாமல் வார்டில் நிற்பவரை நினைத்துத்தான் நான் கவலைப்படுகிறேன்.

இரவுப்பணி:
அந்த எல்லையை மாணவரே முடிவு செய்ய முடியாது. வெளியிலிருந்து வரும் மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆபத்து என்றால் மட்டும் கல்லூரிக்குச் சொல்லட்டும். மதிப்பெண் போடுபவரே சிகிச்சையும் பார்க்கக்கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். பயிற்சியைக் குறைக்கச் சொன்னால் எதிர்ப்பேன்.

மூன்றாமாண்டு:
குறைக்கச் சொல்லவில்லை, சார். காரணம் எழுதாமல் வாரத்தில் ஒரு மதியம் போய்வர அனுமதி கொடுங்கள். அடுத்த வாரமே போவேன்.

விடியல்:
தம்பி, அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத மருத்துவர் ஒருவரை இந்த ஞாயிறே பாருங்கள்.