சதாபிஷேகத்துக்கு வருபவர்களுக்கு என்ன குடிக்கக் கொடுப்பது?

குழு: உடன்குடி வீடு

பொன்னி, காலை 6:40
அனைவருக்கும் வணக்கம். தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு இன்னும் மூன்று வாரங்களே இருக்கின்றன. சமையல்காரரிடம் சாப்பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டேன். குடிப்பதற்கு என்ன என்பதுதான் பாக்கி. வைகாசி வெயிலில் முந்நூறு பேர் வருவார்கள். விடியற்காலையில் வந்து இறங்குபவர்களுக்கு ஒன்று, பூஜை முடிந்து பந்திக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று, மாலையில் ஊர் திரும்புபவர்களுக்கு ஒன்று என்று முடிவு செய்துவிட்டால் முன்பணம் கொடுத்துவிடுவேன். அவரவருக்குப் பிடித்ததைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அது முந்நூறு பேர் கைக்குக் கெடாமல் போய்ச் சேரும் வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சண்முகசுந்தரம், காலை 6:52
இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அம்மா? உடன்குடியில் நடக்கும் விழாவில் முதலில் கொடுக்க வேண்டியது பதநீர்தான். பனையோலைப் பட்டையில் ஊற்றி, அதில் இரண்டு நுங்கையும் சீவிப் போட்டுக் கொடுத்தால் சென்னையிலிருந்து வருகிறவர்கள் வேறு எதையும் கேட்க மாட்டார்கள். கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் பிறந்துவிட்டு, பாட்டிலில் அடைத்த சர்க்கரைத் தண்ணீரை நீட்டினால் நன்றாகவா இருக்கும்?

வேலம்மாள், காலை 7:05
அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு பனை ஒரு நாளைக்குச் சில லிட்டர்தான் தரும். ஆளுக்கு ஒரு பட்டை என்றாலும் பதினைந்து மரத்துப் பதநீராவது நமக்கு வேண்டும். பனையேறிகளோ குறைந்துகொண்டே வருகிறார்கள். நம் பனைவிளையில் ஏறுகிறவர் விடியுமுன்னே ஏறிப் பாளையைச் சீவி, இரவு முழுதும் சொட்டியதை இறக்கிக்கொண்டு வருவார். அதை வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும். கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்புதான் அதைப் புளிக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் உச்சிப்பொழுதுக்குள் நுரை கட்டிவிடும். கூடினால் நாக்கு காந்தும். அதனால் இறக்கியதும் அசையாமல் வைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேலாக இறுத்துத்தான் கொடுக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் வருகிறவர்களுக்கும் பதநீர் உண்டு என்று யாரும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கார்த்திக், காலை 8:31
சண்முகம் மாமா வகுத்த விதிப்படி முழு வாக்கியங்களில்தான் எழுதுகிறேன். எனவே கோபிக்காமல் கடைசி வரை படிக்க வேண்டும். விழாவுக்கு முந்தைய நாள் இரவு இளைஞர்கள் மட்டும் தோட்டத்து வீட்டில் கூடுகிறோம் அல்லவா? அதற்குப் பெங்களூரிலிருந்து, சிறு கூடங்களில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் கொஞ்சம் கொண்டுவரலாமா என்று கேட்கிறேன். ஊரில் கிடைக்கும் ஸ்ட்ராங் பீரை மனத்தில் வைத்துக்கொண்டு இதை எடை போடக் கூடாது. அதில் ஆல்கஹால் எட்டு சதவீதம் வரை போகும். சீக்கிரம் தலைக்கேற வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் இல்லை. நான் சொல்வது ஐந்து சதவீதத்தை ஒட்டி நிற்கும் கோதுமை பீர். வடிகட்டாமல் கலங்கலாகவே கண்ணாடிக் குவளையில் இறங்கும். வாழைப்பழ வாசமும் இலவங்க வாசமும் வரும், ஆனால் உள்ளே பழமும் கிடையாது, இலவங்கமும் கிடையாது. இரண்டையும் உண்டாக்குவது ஈஸ்ட்தான்.

சண்முகசுந்தரம், காலை 8:40
மாப்பிள்ளை, கடைசி வரை படித்துவிட்டேன். கோபம் வரவில்லை, ஆனால் கேள்வி வருகிறது. ஆச்சி இருக்கும் வீட்டுக்கு அதைக் கொண்டுவருவது ஒரு பக்கம் இருக்கட்டும். அனுமதியில்லாமல் மாநில எல்லை தாண்டி மதுவைக் கொண்டுவந்தால் சோதனைச்சாவடியில் நீங்கள் சொல்லும் இலவங்க வாசத்தைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வேலம்மாள், காலை 8:44
கார்த்திக், நீ பெங்களூரில் என்ன குடிக்கிறாய் என்று நான் இதுவரை கேட்டதில்லை, இனியும் கேட்கப் போவதில்லை. ஆனால் வாழைப்பழம் போடாமல் வாழைப்பழ வாசம் எப்படி வருகிறது என்பதை மட்டும் விளக்கமாகச் சொல்.

கார்த்திக், காலை 9:02
அம்மா, பார்லியையும் கோதுமையையும் முளைகட்டிக் காயவைத்து, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்தால் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் என்ற கொடியின் பூவோடு சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். பீருக்குக் கசப்பு அதனால்தான். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து, சுமார் இருபது டிகிரிச் சூட்டில் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று விட்டுவிடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் வாயுவையும் வெளியிடுகிறது. கூடவே சில வாசனைப் பொருள்களையும் உண்டாக்குகிறது. வாழைப்பழத்துக்கு வாசம் தருவதும் அதே பொருள்தான். ஜெர்மனியின் பவேரியாவில் 1516-இல் பீருக்காக ஒரு சட்டம் போட்டார்கள். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதையும் சேர்க்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். ஈஸ்ட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை, ஏனென்றால் அப்படி ஓர் உயிர் உள்ளே வேலை செய்கிறது என்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

வேலம்மாள், காலை 9:15
இதற்கா இவ்வளவு பெரிய கதை? சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இது யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானாகவே நடக்கிறது. விடியற்காலையில் இறக்கும்போதே கள்ளாகியிருக்கும். 1987-இலிருந்து நம் மாநிலத்தில் கள் இறக்கத் தடை இருப்பதால்தான் சுண்ணாம்பை இத்தனை கவனமாகத் தடவுகிறார்கள். தென்காசிக்கு அந்தப் பக்கம் மலையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடையே பலகை மாட்டி நடக்கிறது. ஒரே மரம், ஒரே பாளை.

கார்த்திக், காலை 9:21
அம்மா சொல்வது அறிவியல்படியும் சரி. கள்ளைப் புளிக்க வைக்கும் முக்கியமான ஈஸ்ட்டும் இந்தக் கோதுமை பீர் சேர்ந்த ‘ஏல்’ வகையில் பெரும்பாலான பீருக்குப் பயன்படுத்துகிற ஈஸ்ட்டும் ஒரே இனம். நாள்பட வைத்தால் கெட்டுவிடும் என்று கள்ளுக்கு உள்ள சிக்கல்தான் இந்தப் பீருக்கும் உண்டு. கடையில் விற்கும் பாட்டில் பீரை வடிகட்டி, சூடுபடுத்தி, மாதக்கணக்கில் கெடாதபடி செய்கிறார்கள். கிராஃப்ட் பீர் காய்ச்சிய இடத்திலேயே, குளிர்த்தொட்டியிலிருந்து நேராகக் குழாயில் இறங்க வேண்டும். பெங்களூரில் இந்தச் சிறு மதுவடிப்புக் கூடங்கள் பெருகியதற்கு அங்குள்ளவர்களின் நாக்கு மட்டும் காரணமில்லை. உணவகத்துக்குள்ளேயே காய்ச்சிக்கொள்ள அரசு தனி உரிமம் கொடுத்தது. நம் ஊரில் 2003-இலிருந்து சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அலமாரியில் நாள்பட நிற்கக் கூடிய பாட்டிலுக்குத்தான் அங்கே இடம். இதையெல்லாம் எழுதி முடித்த பிறகு எனக்கே தோன்றுகிறது: இரவுப் பேருந்தில் இந்த வெயில் காலத்தில் கொண்டுவந்தால் உடன்குடி சேரும்போது அது குடிக்கும்படி இருக்காது. கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வேலம்மாள், காலை 9:24
அந்தச் சாறு எடுத்த பிறகு மிஞ்சும் தானியச் சக்கையை என்ன செய்வார்கள்?

கார்த்திக், காலை 9:25
பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும், அம்மா.

வேலம்மாள், காலை 9:27
அப்படியானால் பீரை அங்கேயே விட்டுவிட்டு அதில் ஒரு மூட்டை கொண்டுவா. புண்ணாக்கு விற்கிற விலைக்கு அது எவ்வளவோ மேல்.

மீனாட்சி, காலை 10:10
மருத்துவமனையில் இப்போதுதான் சற்று ஓய்வு கிடைத்தது. பீரை எல்லோரும் சேர்ந்து திருப்பி அனுப்பியதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் பதநீருக்கு நீங்கள் கொடுக்கும் நற்சான்றிதழைப் பார்த்தால் ஒன்று சொல்லியாக வேண்டும். கோலா பானத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10, 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. பதநீரிலும் ஏறக்குறைய அதே அளவுதான். தாது உப்புகள் இருக்கின்றன, சாயமும் பதப்பொருளும் இல்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் விழா நாயகரான மாமாவின் கணையத்துக்கு இது மரத்திலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்ற பாகுபாடு தெரியாது. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு பெரிய பட்டை குடித்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும். விழா நாயகருக்கு இரண்டு வாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். பந்திக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு நீர்மோர் வையுங்கள்; அதை எல்லோரும் குடிக்கலாம்.

சண்முகசுந்தரம், காலை 10:18
அப்பாவிடம் போய் இரண்டு வாய்தான் என்று சொல்லும் பொறுப்பை மருத்துவரான நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், அம்மா. நீர்மோருக்கு மறுப்பில்லை. முதல் நாள் இரவு தாமதமாகத் தயிர் தோய்த்தால்தான் மறுநாள் பதினொரு மணிக்குப் புளிக்காமல் இருக்கும். அறுபது லிட்டர் மோருக்குப் பதினைந்து லிட்டர் தயிர் போதும். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையைத் தட்டிப் போட வேண்டும், அரைத்துப் போட்டால் கசந்துவிடும்.

பொன்னி, காலை 10:30
சின்னப் பிள்ளைகள் நீர்மோரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர்களுக்காக ஒரு பெட்டி பொவொண்டோ வாங்கி வைக்கலாமா? 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பானம் அது, நம் பக்கத்துச் சரக்குதான். ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2017 மார்ச்சிலிருந்து வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது எல்லாக் கடைகளிலும் முன்வரிசைக்கு வந்தது இதுதான்.

மீனாட்சி, காலை 10:33
உள்ளூர்ச் சர்க்கரையும் சர்க்கரைதான், பொன்னி. அதைவிட, கோலி சோடாக்காரரை வண்டியோடு வரச்சொல். எலுமிச்சையும் உப்பும் போட்டுக் கொடுக்கட்டும். கோலியை உள்ளே தள்ளும் சத்தத்துக்காகவே பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் கண்டுபிடித்த பாட்டில் அது. உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துவிடுகிறது. அவருடைய நாட்டில் அது வழக்கொழிந்துவிட்டது, நம் திருவிழாக்களில் இன்னும் ஓடுகிறது.

முருகேசன், காலை 11:05
எல்லோரும் பேசி முடிக்கட்டும் என்று குன்னூரிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை வேளைக்கு யாரும் தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவன் இந்தக் குடும்பத்தில் இருக்கிறான் என்பதே மறந்துபோயிற்று போலும்.

சண்முகசுந்தரம், காலை 11:09
தம்பி, மாலைக்கு ஃபில்டர் காப்பி என்று நான் மனத்துக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். நான்கு பங்கு கொட்டைக்கு ஒரு பங்கு சிக்கரி, கள்ளிச்சொட்டு டிகாக்‌ஷன், அன்றைக்குக் கறந்த பால். அதற்கு ஈடாக ஒன்று உண்டா?

முருகேசன், காலை 11:24
வீட்டில் நான்கு பேருக்கு என்றால் ஈடு கிடையாது, அண்ணா. நானே மலையிலிருந்து இறங்கி வந்து குடிப்பேன். முந்நூறு பேர் என்றால் கதை வேறு. ஆளுக்குப் பத்து கிராம் என்று வைத்தாலே மூன்று கிலோ காப்பித்தூள் வேண்டும். அத்தனை டிகாக்‌ஷனும் ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குள் விருந்தினர் பேருந்து ஏறியிருப்பார்கள். அதனால் சமையல்காரர் முன்கூட்டியே துணியில் வடித்து வைப்பார். இரண்டு மணி நேரத்தில் வாசம் போய்விடும். அவர் வாங்கும் தூளில் சிக்கரி எவ்வளவு என்பதும் நம் கையில் இல்லை, காப்பி 51 சதவீதம் இருந்தாலே விதிப்படி விற்கலாம். டஸ்ட் தேயிலை என்றால் முக்கால் கிலோவில் முந்நூறு பேருக்கும் முடிந்துவிடும். இலையை வாட்டி, பல் உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கிக் கிழித்துத் தூளாக்குவதால், கொதிக்கும் நீரில் போட்ட ஓரிரு நிமிடங்களிலேயே சாயமும் திடமும் இறங்கிவிடுகின்றன. வந்து கேட்பவருக்கு வந்த நேரத்தில் புதிதாகப் போட்டு, ஆற்றிக் கொடுக்கலாம். முழு இலைத் தேநீர்தான் உயர்ந்தது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது பாலில்லாமல் குடிப்பவருக்குச் சரி. பாலை ஊற்றினால் அந்த மெல்லிய வாசம் அடங்கிவிடும். நம் ஊர்ப் பாலுக்குத் தாக்குப்பிடிப்பது டஸ்ட்தான், இதைச் சொல்ல நான் வெட்கப்படுவதில்லை.

வேலம்மாள், காலை 11:31
சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டால் அண்ணனும் சம்மதிப்பார், தம்பி.

முருகேசன், காலை 11:38
போடலாம், அக்கா, ஆனால் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து, மண் போக வடிகட்டி, தேயிலைச் சாற்றோடு கலந்துகொள்ள வேண்டும். காய்ச்சிய பாலை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டுக் கடைசியில் ஊற்ற வேண்டும். சமையல்காரர் தேநீரை எடுத்து மறுபடியும் அடுப்பில் ஏற்றாமல் பார்த்துக்கொள்ள அந்த இடத்தில் நானே நிற்கிறேன். பால் வேண்டாம் என்பவர்களுக்குச் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்ட கருப்பட்டிக் காப்பி இருக்கட்டும். அதற்குக் காப்பித்தூளே வேண்டாம்.

சண்முகசுந்தரம், காலை 11:45
வாக்கெடுப்பில் தோற்றேன் என்று பதிவு செய்துகொள்ளுங்கள். அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் வீட்டு ஃபில்டரில் சர்க்கரையில்லாமல் இரண்டு டம்ளர் காப்பி தனியாக வந்துவிட வேண்டும். இதில் பேச்சுவார்த்தை கிடையாது.

பொன்னி, நண்பகல் 12:04
அப்படியே ஆகட்டும், அப்பா. காலை ஆறு மணியிலிருந்து பதநீர் உள்ளவரை பதநீரும் நுங்கும், பூஜைக்குப் பிறகு நீர்மோரும் கோலி சோடாவும், மாலையில் சித்தப்பாவின் மேற்பார்வையில் கருப்பட்டித் தேநீரும் சுக்குக் காப்பியும் என்று எழுதிவிட்டேன். தயிருக்கு இன்றே சொல்லிவிடுகிறேன். பனையேறியிடம் அத்தைதான் பேச வேண்டும். வெளியில் வாங்கினால் சாக்கரின் கலந்த தண்ணீரைக் கொடுத்துவிடுவார்கள். ஒன்றுதான் பாக்கி: விடியற்காலை நாலரை மணிக்கு விளைக்கு வண்டி எடுத்துச் சென்று, எவர்சில்வர் கேன்களில் பதநீரை இறுத்து வாங்கி வர ஒருவர் வேண்டும்.

கார்த்திக், நண்பகல் 12:09
நான் போகிறேன். முந்தைய இரவுக் கூட்டத்தில் குடிப்பதற்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டதால் சீக்கிரமே தூங்கிவிடுவேன். ஆனால் நாலரை மணிக்கு என்னை யார் எழுப்புவது?

வேலம்மாள், நண்பகல் 12:11
மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய அறையில் உனக்குப் படுக்கை போட்டிருக்கிறேன். நான் நான்கு மணிக்குப் பால் கறக்க வரும்போது மாடுகளே எழுப்பிவிடும்.